வக்கியூம் கிளீனரும் அதன் வடிகட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் வீட்டு மின்சாதனங்கள் திருத்துகிறேன். பதினெட்டு வருடமாகிறது. முன்பு கிரைண்டரும் மின்விசிறியும் அயனும்தான் அதிகம் வரும். தொடர்மாடிகள் எழும்ப எழும்ப வக்கியூம் கிளீனர்களும் கூடிவிட்டன. அவற்றைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகளும் பழுதான மெஷின்களைக் கழற்றிப் பார்க்க வருவார்கள். அவர்கள் கேட்பவை வேறு விதம். இரண்டு பகுதியாரின் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

உறிஞ்சும் வேகம் குறைந்துவிட்டது. மோட்டர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. "மோட்டர் பழுது" என்று என் மேசைக்கு வரும் மெஷின்களில் பாதிக்கு மேல் வடிகட்டியைச் சுத்தம் செய்ததும் பழையபடி இழுக்கத் தொடங்கிவிடும். வீட்டிலேயே நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். நெளியும் குழாயை மெஷினிலிருந்து கழற்றிவிட்டு, அது பொருந்தும் வாயில் உள்ளங்கையை வையுங்கள். கை நன்றாக ஒட்டிக்கொண்டால் அடைப்பு குழாயில் இருக்கிறது: ஒற்றைக் காலுறை, கச்சான் கோது, பிள்ளையின் விளையாட்டுச் சாமான் ஏதாவது. அந்த வாயிலும் இழுவை இல்லையென்றால் பை நிறைந்துவிட்டது, அல்லது வடிகட்டி அடைத்துவிட்டது.

சத்தத்தையும் கவனியுங்கள். அடைத்த மெஷின் வழமையைவிடக் கீச்சென்று கத்தும். தள்ளுவதற்குக் காற்று குறைவாக இருப்பதால் உள்ளே விசிறி சுமையில்லாமல் இன்னும் வேகமாகச் சுழல்கிறது. இதைக் கேட்டுவிட்டு "நன்றாகத்தான் ஓடுகிறது, சத்தம்கூடப் பலமாக இருக்கிறது" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சத்தம் மெஷின் மூச்சுத் திணறும் சத்தம்.

வடிகட்டி அடைத்தால் மோட்டர் ஏன் சூடாக வேண்டும்?

வீட்டுப் பாவனைக்கான சாதாரண மெஷின்களில், உறிஞ்சப்பட்ட காற்றுத்தான் தூசியைக் கழித்துவிட்டு மோட்டருக்குள்ளால் போய் அதைக் குளிரவைக்கிறது. குளிரவைக்க வேறு வழி கிடையாது. காற்று வராவிட்டால் சூடு வெளியேறாது. அதனால்தான் உள்ளே ஒரு சிறிய வெப்பப் பாதுகாப்புச் சுவிச் வைத்திருப்பார்கள். அளவுக்கு மீறிச் சூடானால் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். ஓடிக்கொண்டிருந்த மெஷின் தானாக நின்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் மீண்டும் ஓடினால் அந்தச் சுவிச் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். அன்றே வடிகட்டியைப் பாருங்கள். அப்படியே விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டினால் செப்புச் சுருளின் மேற்பூச்சு கருகிவிடும். அப்போதுதான் உண்மையிலேயே மோட்டர் போகிறது.

ஈரத்தையும் உறிஞ்சும் பெரிய வாளி மெஷின்களில் மோட்டருக்குத் தனியான குளிர்காற்று வழி இருக்கும். அவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

என் மெஷினில் எத்தனை வடிகட்டிகள் இருக்கின்றன?

குறைந்தது இரண்டு. தூசிப் பையோ பெட்டியோ முதல் தடுப்பு. அதைத் தாண்டி வருவதை மோட்டருக்கு முன்னால் இருக்கும் ஸ்பொஞ்ச் அல்லது துணி வடிகட்டி பிடிக்கும். மோட்டரைக் கடந்து வெளியேறும் காற்றை இன்னொரு வடிகட்டி அரிக்கும். மடிப்பு மடிப்பாக, புத்தகத் தாள்களை விரித்து வைத்ததுபோல் இருப்பது அதுதான்.

பெட்டிக்கு அப்பால் இந்த இரண்டு வடிகட்டிகள் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஐப்பசி மழை நாளொன்றில், ஓட்டோவில் ஓர் அம்மா மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். "தம்பி, கிழமைக்குக் கிழமை பெட்டியைக் கொட்டிக் கழுவி வைக்கிறேன், ஆனாலும் இழுக்கவில்லை" என்றார். பெட்டி உண்மையிலேயே பளபளவென்று இருந்தது. மெஷினைக் கவிழ்த்து, நான்கு திருகாணிகளைக் கழற்றி, ஒரு மூடியைத் தூக்கினேன். அடியில் இருந்த ஸ்பொஞ்சை ஸ்பொஞ்சென்று சொல்ல முடியாது. மேலே சாம்பல் நிறத்தில் கம்பளிபோல் ஒரு படை. விரலால் தொட்டதும் கீழே இருந்தது பழைய கேக்போல உதிர்ந்தது. ஈரப்பதமான காற்றில் இந்த வகை ஸ்பொஞ்ச் வருடக்கணக்கில் கிடந்தால் தானாகவே சிதையும். உதிர்ந்த துகள்கள் மோட்டருக்குள் போயிருந்தன. நான்கு வருடம் பாவித்த மெஷின். "இங்கே ஒன்று இருக்கிறதென்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே" என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது குற்ற உணர்ச்சி. அது அவருக்கு வந்திருக்கக் கூடாது. கிழமை தவறாமல் பெட்டியைக் கழுவிய ஒருவர், தெரிந்திருந்தால் ஸ்பொஞ்சையும் கழுவியிருப்பார்.

பராமரிக்காதது பாவித்தவருடைய பிழைதானே? வடிவமைப்பை ஏன் குறை சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு நான் எண்ணிக்கையால் பதில் சொல்வேன். ஒரு மெஷின் வந்தால், வடிகட்டியை எடுக்கக் கை எத்தனை முறை வேலை செய்ய வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். மேலே சொன்ன அம்மாவின் மெஷினில் பதின்மூன்று. குழாயைக் கழற்ற வேண்டும், பெட்டியை எடுக்க வேண்டும், கவிழ்க்க வேண்டும், திருப்புளி தேட வேண்டும். நான்கு திருகாணிகளில் இரண்டு ஆழமான குழிக்குள், அதுவும் நட்சத்திரத் தலை. வீடுகளில் இருக்கும் சாதாரணத் திருப்புளி அதற்குள் போகாது. பிறகு மூடி, அதன் இரண்டு பக்கக் கொளுக்கிகள், சட்டகம், கடைசியில் வடிகட்டி. இதே வரிசையில் திரும்பப் பூட்டவும் வேண்டும்.

அந்த அம்மா இருக்கும் தொடர்மாடியிலேயே இரண்டு மாடி மேலே இருப்பவருடைய மெஷினும் என்னிடம் வருவதுண்டு, மின்கம்பி மாற்ற. அதில் மூன்று அசைவு: பொத்தானை அழுத்தினால் மூடி எழும்பும், வடிகட்டியில் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். வாங்கிய விலையும் குறைவு. அவர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுகிறார். அவரிடம் தனியான பொறுப்புணர்ச்சி ஒன்றும் இல்லை. அவருடைய மெஷின் அவரை மறிக்கவில்லை, அவ்வளவுதான். குசினியில் கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால்தான் நாளும் எடுத்துக் கழுவி வைக்கிறோம். அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் யார் கழுவுவார்கள்?

வடிவமைப்புப் படிக்கிறேன். வடிகட்டியை எளிதில் எடுக்கக்கூடியதாக ஒரு மெஷினை வரையச் சொன்னால் எங்கே தொடங்குவது?

வடிகட்டியிலிருந்து தொடங்குங்கள். வழமையாக மோட்டரையும் பெட்டியையும் வைத்துவிட்டு, மிஞ்சிய இடுக்கில் வடிகட்டியைத் திணிக்கிறார்கள். கழற்றிப் பார்த்தாலே அது தெரியும். நீங்கள் வடிகட்டிக்கு முதலில் இடம் கொடுங்கள். மேலே, நின்றபடி பார்த்தால் கண்ணில் படும் இடம். முழங்கால் நோவுள்ள ஒருவர் குனியாமல், கதிரையில் இருந்தபடி எடுக்கக்கூடிய இடம்.

அடுத்தது நிறம். பாவிப்பவர் கை வைக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் கொடுங்கள்: மூடியைத் திறக்கும் பொத்தான், வடிகட்டியின் நாக்கு, பெட்டியின் பிடி. மற்றதெல்லாம் சாம்பலோ கறுப்போ இருக்கட்டும். மஞ்சளைத் தொடலாம், கறுப்பைத் தொட வேண்டாம் என்பது ஒரு சொல் எழுதாமலே எவருக்கும் விளங்கும். இந்த ஊரில் இது இன்னும் முக்கியம். கையேடு ஆங்கிலத்தில் வருகிறது, மெஷினை ஓட்டுபவர் தமிழோ சிங்களமோ மட்டும் வாசிப்பவராக இருக்கிறார். வேலைக்கு வரும் அக்காவின் கையில் மெஷினைக் கொடுத்துவிட்டு, அலுமாரிக்குள் இருக்கும் ஆங்கிலக் கையேட்டை நம்பி இருக்க முடியாது. மூடியின் உட்பக்கத்திலேயே படம் போட்டுவிடுங்கள்.

வடிகட்டி ஒரே விதமாக மட்டும் பொருந்த வேண்டும். ஒரு மூலையை வெட்டிவிட்டால் போதும், தலைகீழாகப் போட முடியாது. வடிகட்டி இல்லாமல் மூடி மூடவே கூடாது. கழுவிக் காயப்போட்டதை மறந்துவிட்டு மெஷினை ஓட்டிய வீடுகளிலிருந்து எத்தனையோ மோட்டர்கள் என்னிடம் வந்திருக்கின்றன. மூடிக்கு உள்ளே ஒரு சிறு நெம்பு, வடிகட்டி அதை அழுத்தினால்தான் மூடி பூட்டும் என்று வைத்தால், அந்தப் பிழைக்கு இடமே இல்லை. செலவு ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு.

பலர் கவனிக்காத இன்னொன்று: எடுக்கும்போது அழுக்குப் பக்கம் எங்கே பார்க்கிறது? அது கீழ்ப்பக்கமாக இருந்து, தூக்கியதும் தூசியெல்லாம் மோட்டர் வாய்க்குள் விழுகிறதென்றால் அந்த வடிவமைப்புத் தோற்றுவிட்டது. அழுக்குப் பக்கம் பெட்டியை நோக்கி இருக்க வேண்டும். உதிர்ந்தால் பெட்டிக்குள் உதிரட்டும். முகத்திலும் நிலத்திலும் விழாமல் இருக்கட்டும்.

ரப்பர் வளையத்தை மறந்துவிடாதீர்கள். வடிகட்டி எவ்வளவு உயர்ந்த தரமானாலும், அதைச் சுற்றி ஒரு முடியளவு இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியால்தான் ஓடும். அந்த வளையம் வடிகட்டியோடு ஒட்டியிருக்க வேண்டும். மெஷினோடு ஒட்டியிருந்தால் வடிகட்டியை எத்தனை முறை புதிதாக மாற்றினாலும் வளையம் பழையதாகவே இருக்கும். வருடம் போகப்போக இறுகி வெடித்துவிடும்.

அடைப்பைக் காட்டும் கண்ணாடியும் வையுங்கள். அதற்கு மின்சுற்று எதுவும் தேவையில்லை. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள காற்றழுத்த வித்தியாசம் ஒரு மெல்லிய வில்லைத் தள்ள, சின்ன ஜன்னலில் சிவப்பு வந்து நிற்கும். பழைய பை மெஷின்களில் இருந்த ஏற்பாடுதான். அந்த மெஷின்களைப் பாவித்த வயதானவர்கள் இன்றும் "சிவப்பு வந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். இவ்வளவு எளிதாக ஒரு மெஷின் தன் நிலையைச் சொன்ன காலம் இருந்தது.

கடைசியாக, வரைந்ததை உங்கள் கையால் மட்டும் சோதிக்காதீர்கள். உங்கள் அம்மம்மாவிடம் கொடுங்கள். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் முதலில் எங்கே கை வைக்கிறாரோ, பொத்தான் அங்கே இருக்க வேண்டும்.

வடிகட்டி எப்போது இப்படி உள்ளே போய் ஒளிந்தது?

தொடக்கத்தில் அது வெளியேதான் இருந்தது. 1901இல் இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளர், தூசியை ஊதித் தள்ளுவதைவிட உறிஞ்சி எடுக்கலாம் என்று நினைத்தார். ஓர் உணவகத்தில் கதிரையின் மெத்தை மேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்பக்கத்தில் தூசி படிந்தது. அந்தக் கைக்குட்டைதான் முதல் வடிகட்டி என்று சொல்லலாம். அவர் செய்த இயந்திரம் குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும், குழாய்கள் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும்.

கையால் தள்ளக்கூடிய மின்சார மெஷினைச் செய்தவர் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் காண்டன் நகரில் கட்டடம் துப்புரவாக்கும் வேலை செய்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர். ஆஸ்துமாக்காரர். கூட்டும்போது எழும்பிய தூசி தாங்காமல், மின்விசிறி மோட்டரையும் தலையணை உறையையும் ஒரு தடியில் கட்டி ஒரு கருவி செய்தார். 1908இல் காப்புரிமை பெற்றார். பிறகு அந்த உரிமை ஹூவர் குடும்பத்திடம் போய் உலகம் முழுவதும் பரவியது.

அந்தத் தலையணை உறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கைப்பிடியில் கண்ணுக்கு முன்னால் தொங்கியது. உப்பினால் தெரியும், நிறைந்தால் தெரியும், கழற்றி உதறினால் வேலை முடிந்தது. மெஷின் அழகாக வேண்டும், சத்தம் குறைய வேண்டும் என்று பிளாஸ்டிக் உடல் வந்தபோது பை உள்ளே போனது. அதனோடு பராமரிப்பும் கண்ணில் படாமல் போனது.

பை உள்ளது நல்லதா, இல்லாததா?

பையின் நுண்துளைகள் தூசியால் அடைபடுவதால் உறிஞ்சல் குறைகிறது என்று சலித்துத்தான் பிரித்தானியக் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன் 1979 அளவில் தன் முயற்சியைத் தொடங்கினார். மர ஆலைகளில் மரத்தூளைப் பிரிக்கும் சுழல்கூம்பு முறையை வீட்டு மெஷினுக்குள் கொண்டுவர அவர் செய்த மாதிரிகள் 5,127. காற்று கூம்புக்குள் வேகமாகச் சுழல, பாரமான தூசி சுவரில் எறியப்பட்டுக் கீழே விழுகிறது.

நல்ல முறை. ஆனால் "பை இல்லை" என்பதை "வடிகட்டி இல்லை" என்று விளங்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர். மிக நுண்ணிய தூசி சுழலில் பிடிபடாமல் தப்பி வரும். அதைப் பிடிக்க ஸ்பொஞ்ச் எப்படியும் இருக்கும். பெட்டியைக் கொட்டும்போது பாதித் தூசி காற்றில் எழும்பி மூக்கில் ஏறுவதும் இந்த வகையின் குறை. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், பையை மூடியபடியே எடுத்து எறியக்கூடிய மெஷினை நான் சொல்வேன். பை கிடைக்குமா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹெப்பா வடிகட்டியைக் கழுவலாமா?

மோட்டருக்குப் பின்னால் இருக்கும் மடிப்பு வடிகட்டிகளில் மிக நுணுக்கமான வகையைத்தான் ஹெப்பா என்கிறார்கள். கழுவலாம் என்று அதன்மேல் எழுதியோ படம் போட்டோ இருந்தால் மட்டும் கழுவுங்கள். தாள் அல்லது கண்ணாடி நார் வகை நனைந்தால் முடிந்தது. காய்ந்த பிறகு பார்வைக்கு அப்படியே இருக்கும், வேலை செய்யாது. ஹெப்பா என்ற பெயருக்கு அமெரிக்க அளவுகோலின்படி 0.3 மைக்ரோன் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமான வலையைப் பல்துலக்கும் பிரஷால் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தேய்க்காதீர்கள். குப்பை வாளிக்குள் வைத்து மெதுவாகத் தட்டினால் போதும். தட்டியும் சாம்பல் நிறம் போகாவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஸ்பொஞ்ச் வடிகட்டியைக் கழுவினால் எவ்வளவு நேரம் காயவிட வேண்டும்?

கையேடுகளில் 24 மணி நேரம் என்று போட்டிருக்கும். அது கொழும்புக்காக எழுதப்பட்டதல்ல. வைகாசியில் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் துவாயே இரண்டு நாளில் காயாத ஊர் இது. தை, மாசியில் ஒரு நாள் போதும். மழைக்காலத்தில் இரண்டு நாள், சிலவேளை மூன்று நாள் விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, ஸ்பொஞ்சை ஒரு வெள்ளைத் துணிக்குள் வைத்து இறுக்கிப் பிழியுங்கள். துணியில் ஈரத் தடம் வந்தால் இன்னும் காயவில்லை. அரை ஈரத்தோடு பூட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அதன் பிறகு மெஷினைப் போடும் ஒவ்வொரு முறையும் வீடு முழுவதும் ஈரத் துணி மணக்கும். மோட்டருக்குள் ஈரம் போவதும் ஆபத்து.

சவர்க்காரம் வேண்டாம், குளிர்ந்த தண்ணீர் போதும். முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கைகளுக்கு நடுவே அமர்த்துங்கள். வெயிலில் போடாமல் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். வெயில் ஸ்பொஞ்சைச் சீக்கிரம் உதிரவைக்கும். தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.

இதிலும் வடிவமைப்பாளருக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மெஷின் பெட்டியிலேயே இரண்டு ஸ்பொஞ்ச் போட்டுக் கொடுங்கள். ஒன்று காயும்போது மற்றது வேலை செய்யும். ஈரமான நாடுகளுக்கு அனுப்பும் மெஷினுக்கு இது ஒரு சலுகையாக இருக்கக் கூடாது, வழமையாக இருக்க வேண்டும்.

சாமியறையை வக்கியூம் கிளீனரால் சுத்தம் செய்யலாமா?

வேண்டாம். திருநீறு வடிகட்டியின் பரம எதிரி. அவ்வளவு நுண்ணிய சாம்பல் ஸ்பொஞ்சின் ஒவ்வொரு துளைக்குள்ளும் போய் இருந்துவிடும். இரண்டு வெள்ளிக்கிழமை போதும், மெஷின் திணறத் தொடங்கிவிடும். ஊதுபத்திச் சாம்பலில் தணல் மறைந்திருந்தால் பை தீப்பிடிக்கவும் கூடும். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். அரிசி மாக் கோலத்துக்கும் இதே பதில்தான்.

வீட்டில் சுவர் துளைத்தார்கள். சீமெந்துத் தூசியை உறிஞ்சினேன். இப்போது என்ன செய்வது?

முதலில், வடிகட்டியை நனைக்காதீர்கள். சீமெந்து தண்ணீர் பட்டால் இறுகும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் வடிகட்டியைக் கையில் எடுத்ததும் கால் தானாகக் குழாயடிக்குப் போகிறது. கல்லாக இறுகிய ஸ்பொஞ்சை மேசையில் தட்டிச் சத்தம் கேட்டிருக்கிறேன். காய்ந்த நிலையிலேயே, வெளியே கொண்டுபோய், முகத்தை மூடிக்கொண்டு தட்டுங்கள். போகாவிட்டால் புதியது போடுங்கள். பக்கத்தில் கட்டடம் எழும்பாத ஒழுங்கை வெள்ளவத்தையில் குறைவு. ஜன்னல் வழியே இந்தத் தூசி நாளும் வருகிறது, கூடவே கடற்கரை மணலும் காலி வீதிப் புகைக்கரியும். ஆகவே கையேடு மாதம் ஒருமுறை என்றால் நீங்கள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை பாருங்கள்.

வாட் கூடினால் இழுவை கூடுமா?

கூடவேண்டியதில்லை. வாட் என்பது மெஷின் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்ற கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டெம்பரில் வீட்டு மெஷின்களுக்கு 1,600 வாட்டுக்கு மேல் கூடாது என்றும், 2017 செப்டெம்பரில் 900 வாட்டுக்கு மேல் கூடாது என்றும் வரையறை போட்டது. 900 வாட்டுக்குள்ளேயே நன்றாக உறிஞ்சும் மெஷின்கள் வந்தன. காற்று போகும் வழியைத் திருத்தினார்கள்.

அந்தக் கதையில் நம்முடைய விடயத்துக்கு வேண்டிய ஒரு பகுதி இருக்கிறது. வாட் வரையறையோடு மின்சக்தித் தர அட்டையும் வந்தது. அதற்கான பரிசோதனையை வெறும் பெட்டியோடு, வெறும் பையோடு செய்தார்கள். தூசி சேர்ந்த பிறகு மெஷின் எப்படி ஓடும் என்பது கணக்கில் இல்லை. டைசன் நிறுவனம் வழக்குப் போட்டது. 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த அட்டை விதியை இரத்துச் செய்தது. உண்மையான பாவனைக்குக் கிட்டிய நிலையில் சோதிக்கவில்லை என்பதே காரணம். எந்த வீட்டில் பெட்டி எப்போதும் வெறுமையாக இருக்கிறது? என் மேசையில் கிடக்கும் ஒவ்வொரு மெஷினும் கடையில் ஓட்டிக் காட்டியபோது அருமையாக இழுத்த மெஷின்தான்.

பிள்ளைக்கு ஆஸ்துமா. வடிகட்டியை யார், எங்கே சுத்தம் செய்ய வேண்டும்?

பிள்ளை வீட்டில் இல்லாத நேரத்தில், வேறொருவர், பல்கனியிலோ வெளி முற்றத்திலோ, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். மெத்தையில் வாழும் தூசி உண்ணிகள் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி வாழ்பவை. கொழும்பின் ஈரக் காற்று அவற்றுக்கு நல்ல வாழிடம். இழைப்பைத் தூண்டுவது பெரும்பாலும் அவற்றின் கழிவு. மெத்தையை உறிஞ்சிய மெஷினின் வடிகட்டியில் அது நிறைந்திருக்கும். பின்பக்க வடிகட்டி கிழிந்திருந்தாலோ வளையம் இறுகாமல் இருந்தாலோ, மெத்தைக்குள் கிடந்ததைக் கிளப்பி அறைக்காற்றில் கலந்துவிடுகிறீர்கள். தும்புத்தடியால் கூட்டுவதைவிட அது மோசம்.

வடிகட்டி கடையில் இல்லை. வேறு ஸ்பொஞ்ச் வாங்கி வெட்டிப் போடலாமா?

மோட்டருக்கு முன்னால் இருக்கும் ஸ்பொஞ்ச் என்றால், அவசரத்துக்குப் போடலாம். புறக்கோட்டைக் கடைகளில் வடிகட்டிக்கான ஸ்பொஞ்ச் என்று கேட்டு வாங்குங்கள். பாத்திரம் தேய்ப்பதும் மெத்தைக்குப் போடுவதும் சரிவராது. பழையதன் தடிப்பே புதியதற்கும் இருக்க வேண்டும். ஓரம் விலகாமல், விளிம்பைவிட ஒரு மில்லிமீற்றர் பெரிதாக வெட்டி அமர்த்துங்கள். பின்பக்க ஹெப்பாவுக்கு இப்படிக் கைவேலை செய்ய முடியாது.

2022 நெருக்கடியில் டொலர் இல்லாமல் பல பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது இந்தக் கேள்வி நாளுக்குப் பலமுறை வந்தது. உள்ளங்கை அளவு ஸ்பொஞ்ச் ஒன்று இல்லாமல், மோட்டர் நன்றாக இருக்கும் மெஷின்கள் மூலையில் கிடந்தன. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாதிரிகளுக்கே வடிகட்டி மாறுகிறது. ஒன்று வட்டம், மற்றது அதைவிட நான்கு மில்லிமீற்றர் பெரிய வட்டம். இதற்குப் பொறியியல் காரணம் ஒன்றையும் இன்றுவரை நான் கண்டதில்லை. டோர்ச் பட்டரிக்கு அளவு பொது. வடிகட்டிக்கும் நாலைந்து பொது அளவுகள் இருந்தால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

பிரான்சில் பொருட்களுக்குத் திருத்தத்தக்க தன்மை பற்றிய புள்ளி பத்துக்கு எத்தனை என்று 2021 முதல் போடுகிறார்கள். 2022 நவம்பரிலிருந்து வக்கியூம் கிளீனருக்கும் அது வந்துவிட்டது. கழற்றுவது எவ்வளவு எளிது, உதிரிப்பாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன என்பதெல்லாம் அந்தப் புள்ளிக்குள் அடக்கம். இங்கே விற்கும் மெஷினுக்கும் அந்தப் புள்ளி இருந்தால் இணையத்தில் தேடிப் பாருங்கள்.

கம்பியில்லாக் கைமெஷின் வாங்கலாமா?

வடிகட்டியை எடுப்பது இவற்றில் பெரும்பாலும் எளிது, ஒரு திருகலில் வந்துவிடும். ஆனால் சிறியது, சீக்கிரம் அடைக்கும், கிழமைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பட்டரியும் அதே எளிமையோடு கழன்று வருமா என்று கேளுங்கள். வராவிட்டால் பட்டரி போகும் அன்று மெஷினும் போகிறது.

கடையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஓட்டிக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நிறுத்தச் சொல்லி, பிளக்கைக் கழற்றச் சொல்லி, மெஷினை உங்கள் கையில் வாங்குங்கள். வடிகட்டி எங்கே என்று விற்பனையாளரிடம் கேட்காமல் நீங்களே தேடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால் அடுத்த மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். கிடைத்தால் வெளியே எடுத்து, திரும்பப் போட்டு மூடுங்கள். பிறகு வடிகட்டியில்லாமல் மூட முடிகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் மெஷினைப் பாவிக்கப்போவது நீங்கள் இல்லையென்றால், பாவிக்கப்போகிறவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவர் கையால் இதைச் செய்விக்கவும். அதே கடையில் வடிகட்டி தனியாக விற்பனைக்கு இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் ஒன்றை மெஷினோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். பில்லில் அதன் இலக்கத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு வருடம் கழித்து நீங்கள் வந்து கேட்கும்போது எனக்கு முதலில் வேண்டியது அந்த இலக்கம்தான்.